ஆறுகிற தொட்டி

அத்தியாயம் 14

நூற்றிருபதாவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்து வாய்த்தது.

மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது கொல்லைக் கதவு திறந்திருந்தது. வெளியே மாமனார் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். பாயின் ஓரம் மதிலுக்கு நேராக இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். செங்கல்லை எடுத்தார், பாயை இரண்டு விரற்கடை நகர்த்தினார், மறுபடி வைத்தார். முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த கை. குப்பை கொட்ட விரிக்கிற பாயாக இருந்தாலும் கோணலாகக் கிடப்பதை அது பொறுக்காது.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் நடந்து வருகிறவர்களுக்கு அத்தையின் மூன்று தொட்டிகளைத் தெரியும். இன்றுதான் இந்தக் கொல்லைக்குள் கால் வைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை.

மதிலோரம், வெறும் மண்ணின்மேல், அடியில் ஓட்டை போட்ட மூன்று பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ, மரத்தடியில் கூட்டிய சருகு என்று அந்த வீட்டில் மிஞ்சுவது எதுவும் தெருவண்டிக்குப் போனதில்லை. ஒரு கை ஈரம், இரண்டு கை சருகு என்று மாற்றி மாற்றிப் போட்டு, அத்தை அதையெல்லாம் மண்ணாக்கிவிடுவார். நிரம்புற தொட்டி, வேகுற தொட்டி, ஆறுற தொட்டி என்று அவரே பேரும் வைத்திருந்தார். நிரம்பியதை மூடினால் அது வேகும், வெந்தது ஆறும், ஆறியதைச் சலித்துச் செடிக்குப் போட்டுவிட்டு மறுபடி நிரப்ப ஆரம்பிப்பார்.

நான்கு மாதம் முன்பு ஒரு காலையில், விளிம்புவரை நிறைந்த தொட்டியை மூடி, மூடிமேல் ஒரு தாளை ஒட்டினார். கையெழுத்து இன்னும் அழியவில்லை.

'மூடியாச்சு. நூற்றிருபது நாள் யாரும் நோண்டக் கூடாது. முக்கியமா நீங்க.'

அந்த 'நீங்க' யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அன்று மதியம் கொஞ்சம் படுக்கிறேன் என்று போன அத்தை எழுந்திருக்கவில்லை.

மனைவி உயிரோடு இருந்தவரை அந்தத் தொட்டிகளைக் 'குப்பை ஆபீஸ்' என்று கேலி செய்தவர் மாமனார். மனைவி போனபின், அந்தத் தாளில் இருந்த கட்டளையை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மூடியைத் திறக்கவே இல்லை. காற்றுக்காக மூடியில் போட்டிருந்த ஓட்டை வழியாக ஒரு மெல்லிய கம்பை மட்டும் ஞாயிறுதோறும் மெதுவாக இறக்கி, உள்ளே மேல்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பார். அதைத் தன் பழைய அளவைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அவர் துக்கத்தை அளந்துகொண்டிருந்தார்.

"வாம்மா," என்றார் மருமகளைப் பார்த்ததும். "இதப் பாரு."

புத்தகத்தை நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"மொத வாரம் நல்லாத்தான் இறங்கிச்சு. ரெண்டாவது வாரத்துலருந்து பாரு. நொண்டுது. அவ இருந்திருந்தா இந்நேரம் பாதிக்குப் பாதி இறங்கியிருக்கும். இது கால்வாசிகூட இல்ல."

"சில சமயம் அப்படித்தான் மாமா..."

"இல்லம்மா. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். தண்ணி தெளிச்சிருக்கணுமோ? வெயில் படாம நகர்த்தி வெச்சிருக்கணுமோ? ஒரே ஒரு வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போனா. அதக்கூட உருப்படியாச் செய்யத் தெரியல எனக்கு."

மருமகள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது வாரம். அவளுக்கு எந்த நாள் என்றே தெரியும். ஒன்பதாம் நாள்.

"நாலு மணிக்குத் திறக்கலாம். நீ ஷிஃப்ட் முடிஞ்சு வந்துடுவல்ல?" என்றார் மாமனார். "நீ இல்லாம திறக்க மாட்டேன். உங்கத்தைக்கு உன்மேல தனிப் பிரியம்."

உள்ளே அலமாரியில், அத்தையின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், அத்தையின் போன் சார்ஜில் கிடந்தது. ஞாயிறுதோறும் மாமனார் அதற்கும் சார்ஜ் போடுவார். மாதம் பிறந்தால் ரீசார்ஜும் செய்வார். ஒருமுறை மகன் தயங்கித் தயங்கி, "அதுல யாருப்பா கூப்பிடப் போறாங்க?" என்று கேட்டான். "யாரும் கூப்பிட வேணாம்டா. அணைஞ்சு கிடக்க வேணாம்னுதான்," என்றார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் அவரிடம் இரண்டாம் முறை எதையும் யாரும் கேட்பதில்லை.

*

மருமகளின் வேலை, ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவி, அடுக்கி, நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவது. அறுவைக் கூடத்தில் டாக்டர் கையை நீட்டும்போது வந்து விழுகிற ஒவ்வொரு கத்தரியும் இடுக்கியும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எதைத் தொட்டாலும் கை கழுவுவாள். 'சோப்புக்கட்டி' என்று அத்தை அவளுக்குப் பேர் வைத்தது அதனால்தான்.

அத்தை போன ஒன்பதாம் நாள் துக்கம் கேட்க ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். கொல்லையில் கை அலம்பப் போன ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். மருமகள் ஓடிப்போய்த் தொட்டியைத் திறந்து பார்த்தாள். மேலே போட்டிருந்த சருகு முழுக்க நெளியும் புழு.

அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. அத்தை எவ்வளவு சுத்தக்காரி! வந்தவர்கள் அவரைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்லிவிட்டால்? ஆஸ்பத்திரியில் தரை கழுவக் கரைக்கிற அளவுக்கே பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தாள். அப்படியே ஊற்றி மூடிவிட்டாள். மாமனார் அப்போது வாசலில் வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

அரைநாளில் நாற்றம் போய்விட்டது. புழுவும் போய்விட்டது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தாள்.

பதினைந்து நாள் கழித்து, சருகுச் சாக்கைப் பிரித்தபோது உள்ளே ஒரு துண்டுத்தாள் கிடைத்தது. அத்தை எப்போதோ அவளுக்காக எழுதி வைத்தது.

'சோப்புக்கட்டி, நான் வெளியூர் போயிருக்கும்போது தொட்டியில் புழு வந்தால் பயப்படாதே. ஈரம் அதிகம் என்று அர்த்தம். நாலு கை சருகு போடு. அதுங்கதான் நம்ம வேலையாட்கள். அடித்துவிடாதே.'

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மாமனார் கம்பை இறக்கி அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்குவதை அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

"என்னடி, மூஞ்சிய ஆவியில வேகவச்சு எடுத்த மாதிரி வந்து நிக்கற?"

கேட்டது கத்தரியக்கா. இருபது வருஷமாகக் கத்தரி எண்ணுகிறவள், அதனால் அந்தப் பேர்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாதவ ஒரே இடுக்கிய மூணு தரம் எண்ண மாட்டா. அது குட்டி போடாது, வை கீழ."

மருமகள் இடுக்கியை வைத்தாள். நீராவி இயந்திரம் பெருமூச்சு விடுகிற சத்தத்தில், தலை நிமிராமல், முழுவதையும் சொல்லி முடித்தாள்.

கத்தரியக்கா கேலி செய்யவில்லை. துடைத்துக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தொட்டி கெட்டுப்போச்சுன்னு உங்க மாமனாரு யார்மேல பழி போடறாரு?"

"அவர்மேலயேதான்."

"அதான் உன்னை அரிக்குது."

"ஆமாக்கா."

"உள்ள ஆபரேஷன் நடக்கும்போது எண்ணிப் பாக்கறோம். ஒரு பஞ்சு குறையுது. எப்பச் சொல்லுவோம்?"

"தையல் போடறதுக்கு முன்னாடி."

"டாக்டர் கத்துவாரேன்னு சும்மா இருந்துட்டா?"

"அப்புறம் மறுபடியும் திறக்கணும்."

"அவ்வளவுதான். அவரு நாலு மணிக்குத் திறக்கறாரு. அதுக்கு முன்னாடி வாயத் திற. அவரே பாத்துட்டு, நீ அப்புறம் சொன்னா, அது சொன்னதாகாது. மாட்டிக்கிட்டதாத்தான் ஆகும்."

கேட்டவுடனே கிளம்பிவிடத் தோன்றியது. ஆனால் அன்று பார்த்து ஒரு தட்டு சோதனையில் தேறவில்லை. உள்ளே வைக்கிற காகிதப் பட்டையில் கோடு கறுத்தால்தான் ஆவி உள்வரை போனதாக அர்த்தம். கோடு வெளிறியே கிடந்தது. பிரித்து, அடுக்கி, மறுபடி வேகவைத்து, கோடு கறுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர முடிந்தது. மூன்றேகாலுக்கு பஸ் ஏறினாள். கடவுளே, அவர் எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்திலேயே, ஒருவேளை காத்திராமல் திறந்துவிட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது. இரண்டாவது நினைப்புக்காக வெட்கப்பட்டுக்கொண்டே வீடுவரை வந்தாள்.

*

வாசலிலேயே கணவன் டீத் தம்ளரோடு நின்றான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்நேரமும் யாராவது எந்த மாடியிலாவது மாட்டிக்கொண்டு அவனைக் கூப்பிடுவார்கள். ஞாயிறு ஒருநாள்தான் தரையில் நிற்பான்.

"வா வா. பெரிய டாக்டர் கையெல்லாம் கழுவிட்டுத் தயாரா இருக்காரு. நர்ஸு வந்தாத்தான் கத்திய எடுப்பாராம்."

"என்னங்க, மாமாகிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."

அவள் குரலைக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது. "எதப் பத்தி?"

"தொட்டியப் பத்தி. நான்தான் அதுல..."

"இன்னைக்கு வேணாம்," என்றான் அவசரமாக. "காலையிலருந்து மனுஷன் நல்லா இருக்காரு. நாளைக்குப் பாத்துக்கலாம். அப்பாகிட்ட எதையும் பக்குவமாத்தான் சொல்லணும்."

"பக்குவம் பாத்துப் பாத்து நூத்திப்பதினோரு நாள் ஆச்சுங்க."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

மாமனார் சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, தொட்டியின் முன் நின்றிருந்தார். மூடிமேல் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் பிரித்தெடுத்து, அளவைப் புத்தகத்தின் நடுவில் வைத்திருந்தார். கை மூடியின் பிடியில் இருந்தது.

"மாமா, ஒரு நிமிஷம். திறக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்."

"சொல்லும்மா."

"தப்பு உங்களோடது இல்ல. என்னோடது. அத்தை போன ஒன்பதாம் நாள் இதுல புழு வந்துச்சு. நான் பிளீச்சிங் பவுடரக் கரைச்சு ஊத்திட்டேன். ஒரு வாளி. அதான் இறங்கல."

மாமனார் கையை எடுக்கவில்லை. முகமும் மாறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒன்பதாம் நாள்," என்றார்.

"ஆமா மாமா."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அளந்தேன். நீ ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தே."

"ஆமா மாமா."

"இன்னைக்குக் காலையிலகூட, நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு உன்கிட்டயே சொன்னேன். புஸ்தகத்த உன் கையிலயே குடுத்தேன்."

அவள் தலை குனிந்து நின்றாள். கணவன் நடுவில் வந்து, "அப்பா, அவ தெரியாம..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் மூடியைத் திருப்பித் திறந்து, ஓசையில்லாமல் மதிலில் சாய்த்து வைத்தார்.

மேலே ஒரு சாண் ஆழத்துக்கு எல்லாம் வெளிறி, காய்ந்து, இறுகிக் கிடந்தது. சருகு சருகாகவே இருந்தது. ஈரத்தின் சுவடில்லை, ஓர் எறும்புகூட இல்லை. இத்தனை நாள் கழித்தும் மெலிதாக மருந்து நெடி வந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த நெடி. அவள் வேலை பார்க்கும் அறையின் நெடி.

மாமனார் அந்தச் சருகை மெல்ல ஒதுக்கினார். விரல் நின்றது.

சருகுக்கடியில் ஓர் ஆரஞ்சுத் தோல். எங்கும் அறுபடாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே சுருளாக உரித்த தோல். வெளுத்துப்போய், காகிதம்போலக் காய்ந்து, சுருள் குலையாமல் இருந்தது.

அப்படி உரிக்க அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அன்னைக்குக் காலையில எனக்கு உரிச்சுக் குடுத்தது," என்றார் மாமனார். "புளிக்குதுன்னு சொன்னேன். பாதிப் பழத்த அப்படியே வெச்சுட்டேன். 'மீதிய நான் தின்னுக்கறேன், போங்க'ன்னா."

அவர் தோலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மருமகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதையாவது செய்யாமல் நிற்கவும் முடியவில்லை. முட்டி போட்டுத் தொட்டிக்குள் கையை விட்டாள். வெறும் கையை. கையுறையைப் பற்றி அவளுக்கு நினைப்பே வரவில்லை. வெளிறிய மேல்பகுதியைப் பாளம் பாளமாக எடுத்துப் பாயில் போட்டாள். ஒரு சாணுக்குக் கீழே விரல் திடீரென்று மெத்தென்று இறங்கியது. ஒரு கைப்பிடி அள்ளி வெளியே எடுத்தாள்.

கறுப்பாக, பொலபொலவென்று, மழை விட்டபின் வருகிற வாசனையோடு மண். அதில் ஒரு மண்புழு, வெளிச்சம் பிடிக்காமல் நெளிந்தது.

"மாமா," என்றாள். கையை நீட்டினாள்.

அவர் பார்த்தார். ஆரஞ்சுத் தோலைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த மண்ணைத் தன் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோனார்.

"கீழ இருக்கறவங்க தப்பிச்சுட்டாங்க," என்றார் மெதுவாக. அவள் உண்மையைச் சொன்ன பிறகு அவர் சொன்ன முதல் இளகிய வார்த்தை அது. மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

*

சலிக்க ஆரம்பித்தார்கள். மருமகள் அள்ளிப் போட, மாமனார் சல்லடையை ஆட்டினார். மண் கீழே விழ, சல்லடையில் மக்காத குச்சியும் கொட்டையும் தங்கின. கணவன் மட்டும் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது சல்லடையில் மாமனார் ஆட்டுவதை நிறுத்தினார்.

"இது என்ன?"

விரல் நுனியால் எடுத்தார். மூன்று மூலையாகத் தைத்த, கொசுவலைபோன்ற சின்னப் பை. உள்ளே கொஞ்சம் மண். அடுத்த சல்லடையில் நாலு. அதற்கடுத்ததில் ஆறு.

"டீத்தூள் பை மாமா," என்றாள் மருமகள். "எங்க ஆஸ்பத்திரியில டாக்டருங்க அறையில பாத்திருக்கேன். வெந்நீர்ல முக்கிக் குடிப்பாங்க. டீத்தூள் மக்கிடும், வலை நைலான், மக்காது."

"நம்ம வீட்டுல ஏது இது? நீ கொண்டுவந்து போட்டியா?"

"சத்தியமா இல்ல மாமா. இது அடியில இருக்கு. அத்தை இருந்தப்பவே போட்டது."

அந்த வீட்டில் டீ என்றால் பாத்திரத்தில் தூள் போட்டுக் கொதிக்கவைப்பதுதான். பையில் முக்கிக் குடிப்பதை மாமனார் 'டீயைக் குளிப்பாட்டுறது' என்பார். அப்படிக் குடிக்கிற ஒரே ஓர் ஆளைத்தான் அவருக்குத் தெரியும். கேலி செய்யச் செய்ய, பிடிவாதமாக அதையே குடிப்பாள்.

அவர் மகள்.

ஏழு வருஷமாக அந்தப் பேச்சு இந்த வீட்டில் இல்லை. தெருக்கோடி வீட்டு அம்மாளுக்கு எல்லைத் தகராறு வந்தது. அதற்கு மாமனார்தான் அளந்து கொடுத்தார். வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்த மகள் தானே நாடா பிடித்து அளந்து பார்த்து, அதிகாரி முன்னால், தெருவே கேட்க, "எங்கப்பா அளந்தது தப்பு. ஒன்றரை அடி தள்ளிப் போயிருக்கு," என்று சொல்லிவிட்டாள். அன்று மாலை மாமனார் வாசற்படியில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இதத் தாண்டி இனி உன் கால் வரக் கூடாது." அவள் வரவில்லை. தாய் போன அன்றுகூடத் தெருமுனையில் நின்றாள். அவர் கூப்பிடவில்லை. அவள் உள்ளே வரவில்லை.

மாமனார் படியில் இருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்," என்றார். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

மகன் எழுந்து நின்றான். கையில் இருந்த தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடினான்.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை அம்மா போய்ப் பாத்துட்டு வருவாங்கப்பா. அவ இருக்கறது நாலாவது மாடி. கையளவு மண்ணு கிடையாது. 'அவ வீட்டுத் தோலும் சக்கையும் எதுக்குத் தெருவண்டிக்குப் போகணும்'னு அம்மா ஒரு டப்பால அடைச்சு இங்க கொண்டுவந்துடுவாங்க."

"எத்தனை நாளா?"

"ஏழு வருஷமாப்பா."



மருமகள் பாயில் குவிந்திருந்த மண்ணைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் செழித்து நின்ற செடிகளைப் பார்த்தாள். ஏழு வருஷமாக அவற்றின் வேருக்குப் போன மண்ணெல்லாம் இரண்டு வீட்டு மிச்சமும் கலந்து வெந்த மண். மகள் தாண்டக் கூடாத கோட்டை, மகள் வீட்டுத் தேயிலைச் சக்கை வாராவாரம் தாண்டி வந்திருக்கிறது. அத்தை யாரோடும் சண்டை போடவில்லை. டப்பாவைத் திறந்து கவிழ்த்திருக்கிறார், மேலே இரண்டு கை சருகு போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

கடைசிச் சல்லடையில் இன்னொன்று தங்கியது. மாமனார் அதை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். நகத்தளவு சிவப்புப் பிளாஸ்டிக். ஒரு பொம்மையின் செருப்பு.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"ஒன்றரை அடி," என்றார் மாமனார், செருப்பைப் பார்த்தபடியே. "அவ சொன்னது சரிதான். மறுநாளே தனியாப் போய் அளந்து பாத்தேன். நாடாவோட முனை அறுந்துபோயிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

"அப்பா..."

"நீ சொல்ல நூத்திப்பதினோரு நாள் ஆச்சும்மா," என்று மருமகள் பக்கம் திரும்பினார். "உங்கத்தை ஏழு வருஷத்துலயும் சொல்லல. இவனும் சொல்லல. நான் எனக்கே இன்னைக்குத்தான் சொல்றேன். நல்லது செய்யறதக்கூட என் கண்ணுல படாம செய்ய வேண்டியிருந்திருக்கு இந்த வீட்டுல. அதுல உன்மேல மட்டும் நான் எப்படிக் கோவிச்சுக்கறது? நீதான் திறக்கறதுக்கு முன்னாடி வந்து சொன்னே."

மருமகள் அழுதாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கை முழுக்க மண். அப்படியே துடைத்துக்கொண்டாள்.

"சோப்புக்கட்டி கரைஞ்சுபோச்சு," என்றார் மாமனார். அத்தை வைத்த பேரை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை.

அவர் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சுத் தோலை எடுத்தார். அதை வைத்துக்கொள்வார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் எழுந்துபோய், நிரம்புற தொட்டியில், இன்று காலை நறுக்கிய காய்கறித் தோலின்மேல் அதை வைத்தார். ஒரு கை சருகு போட்டார். கொஞ்சம் யோசித்து இன்னொரு கை போட்டார்.

"இதுவும் மண்ணாகட்டும். அவ அதுக்குத்தான் போட்டா."

*

வெயில் மதிலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மூவரும் குழாயடியில் கை கழுவினார்கள். மாமனார் உள்ளே போய், அலமாரியில் இருந்த அத்தையின் போனை எடுத்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த நம்பர் இதுல எப்படிப் போட்டிருக்கா?"

மகன் தொண்டையைச் செருமினான். "எண்ணெய்க் கடைன்னு இருக்கும்பா."

"எண்ணெய்க் கடையா?" மாமனார் நிமிர்ந்தார். "தினம் தினம் எண்ணெய்க் கடைக்கு என்னடா பேச்சுன்னு நானும் யோசிச்சிருக்கேன். நாம அவ்வளவு எண்ணெயா ஊத்தறோம்னு ஒருநாள் கேட்டேன். 'உங்க நாக்குக்கு ஊத்தறதுதான்'னா."

மூவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியது.

"அப்பா, பேசறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..." என்று மகன் ஆரம்பித்தான். அதற்குள் மாமனார் விரல் அழுத்திவிட்டது. சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி, மருமகள் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள்.

மணி ஒருமுறை அடித்தது. இருமுறை. மாமனாரின் இடது கை இறுக மூடியிருந்தது. உள்ளே அந்தச் சிவப்புச் செருப்பு இருக்கிறதென்று மருமகளுக்குத் தெரியும்.

மூன்றாவது மணியில் யாரோ ஓடிவருகிற சத்தம். மூச்சு வாங்க ஒரு சின்னக் குரல். நாலு, ஐந்து வயதிருக்கும்.

"பாட்டி! உங்க படம் வந்துச்சு! ஏன் பாட்டி இவ்வளவு நாளா வரவே இல்ல? நீங்க தூரமா ஊருக்குப் போயிருக்கீங்கன்னு அம்மா சொன்னா. வந்துட்டீங்களா?"

மாமனார் போனை இன்னும் அருகே கொண்டுபோனார். மகன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"பாட்டி, தொட்டிய எப்பத் திறப்பீங்க? என் பொம்மைச் செருப்பு டப்பால விழுந்துடுச்சுன்னு சொன்னேன்ல? திறக்கறப்ப தேடித் தர்றேன்னு சொன்னீங்கல்ல? கிடைச்சுதா?"

அவர் கையைத் திறந்தார். வெயிலில் அது சிவப்பாக மின்னியது.

"கிடைச்சுது கண்ணு," என்றார் விசும்பலுக்கிடையில்.

மறுமுனையில் சட்டென்று ஒரு மௌனம். தன் பாட்டியின் குரல் இல்லை அது என்று குழந்தைக்குப் புரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

பிறகு, வாயை மட்டும் போனிலிருந்து திருப்பிக்கொண்டு, உள்ளே யாரையோ கூப்பிட்டாள்.

"அம்மா! பாட்டி போன்ல ஒரு தாத்தா பேசறாரு. அழறாரும்மா. என்ன சொல்லட்டும்?"

காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. போனுக்கு மிக அருகில் வந்து நின்றது.